முழங்கால் மட்டும்

மதுரையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் லாரி வருவதற்குச் சற்று முன்பே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். யார் யாருக்குச் சொன்னார்கள் என்று விசாரித்திருக்கிறேன். "அவங்க வச்சாங்க, நானும் வச்சேன்" என்பார்கள் எல்லோரும். ஒருநாள் மாடியில் பல் தேய்த்தபடி அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. லாரியைத் தேடவே வேண்டாம், குடங்களைப் பார்த்தால் போதும்.

நான் ஆய்வு மாணவி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயைப் படிக்கிறேன். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நரம்புக்கும் உறை இருக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பணுக்கள் அந்த உறையை எதிரி என்று நினைத்துக் கடித்துவிடுகின்றன. பார்வை மங்கும், கால் தள்ளாடும், பிறகு ஓரளவு சரியாகும். சில மாதம் கழித்து அடுத்த தாக்குதல். ஸ்கேனில் தெரிகிற நேரத்தில் கடித்தாகிவிட்டது.

ஆனால் அந்த அணுக்கள் கூட்டமாக வருவதற்கு முன்னால் ஒன்றையொன்று கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடுவதற்கு அவை விடும் வேதிப்பொருள்களுக்கு சைட்டோகைன் என்று பெயர். இரத்தத்தில் மிகமிகக் கொஞ்சமாக மிதக்கும். அதை முன்கூட்டியே அளந்துவிட்டால் தாக்குதல் வருவதைச் சொல்லிவிடலாம் என்பது ஆசை. உலகம் முழுக்க இதே ஆசையோடு பலர் இருக்கிறார்கள். யாரும் இன்னும் அடித்துச் சொல்லவில்லை. சளி பிடித்தாலும் சைட்டோகைன் ஏறும், ஈறு வீங்கினாலும் ஏறும்.

என் வழிகாட்டியிடம் குடங்களைப் பற்றிச் சொன்னேன். "குடத்தை ஆய்வேட்டில் எழுதிடாதே" என்றார். பிறகு, கண்டியில் ஒரு டாக்டர் இந்த நோயாளிகளிடம் இரத்தம் சேகரிக்கிறார், போய்க் கொஞ்ச நாள் கூட இருந்து வேலை செய் என்றார். இரத்தம் எடுக்கும் அன்றைக்கு அந்த ஆளுக்கு உடம்பில் என்னென்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் என் வேலை. அது தெரியாவிட்டால் இரத்தத்தில் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. "மொழிப் பிரச்சினையும் கிடையாது. அங்கேயும் தமிழ்தானே" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கண்டியில் இறங்கியதும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் டாக்டர் நிரோஷனுக்காகக் காத்திருந்தேன். பால் சேர்க்காத ஒரு பிளேன்டீ கேட்டேன். டீயோடு ஒரு பெரிய தட்டும் வந்தது. ரோல்ஸ், கட்லட், வடை, முக்கோணமாக மடித்த ரொட்டி. விருந்தோம்பல் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. வைத்ததை மிச்சம் வைத்தால் எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. முழுவதையும் சாப்பிட்டு முடிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன்.

நிரோஷன் வந்து தட்டைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், முகத்தில் எதையும் காட்டாதவர்.

"எல்லாம் சாப்பிட்டனீங்களோ?"

"வச்சாங்க டாக்டர்."

"தட்டோட வைக்கிறது இங்கத்தை வழக்கம். அதிலை விருப்பமானதை எடுக்கிறதும் வழக்கம்." காலித் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "பசி நல்லதுதான்" என்றார்.

மறுநாள் காலையில் கண்டிக்கு மேலே மலையில் இருக்கும் ஹந்தானை. எங்களுக்கு வண்டி ஓட்டுபவர் ரிஸ்வான் நானா, பக்கத்து அக்குறணைக்காரர். அண்ணனை அங்கே முஸ்லிம்கள் நானா என்பார்கள். அவருடைய ஆட்டோவுக்குக் கண்ணாடியில் பூமாலை, கூரையில் விளக்கு, இருக்கைக்குக் கீழே வேறொரு ஆட்டோவின் உதிரிப்பாகங்கள். என் மடியிலிருந்த பனிக்கட்டிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அதுக்குள்ள என்ன ஈக்கி தங்கச்சி?"

"ரத்தம் எடுத்துட்டு வர்றதுக்கு நானா."

இரண்டு வளைவுகள் தாண்டியதும் "யார்ட?" என்றார்.

மேலே போகப்போக ஊர் சின்னதாகி, தேயிலை ஆரம்பித்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் வந்தன. கொடைக்கானல் மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன். இங்கே தொப்பி விற்பவர்கள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் முதல் நோயாளி அந்தோணியம்மா, தோட்ட அலுவலகத்தில் கிளார்க். வாசலில் மாதா படம், உள்ளே புகை வாசம், தட்டில் சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்.

"உள்ளுக்கு வாங்க, பனியில நிக்காதீங்க. டீ குடிச்சிட்டு அப்பறமா ரத்தத்த எடுங்க."

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எடது கால் மரத்துப் போவுதுங்க. செருப்பு கழண்டு விழுந்தாகூடத் தெரிய மாட்டேங்குது. திரும்பிப் பாத்தா ரோட்டுல கெடக்கு."

"நாந்தான் பொறுக்கிட்டுப் பின்னால வர்றேன்" என்றார் அவருடைய கணவர். "ஊருல என்னைய இவங்க வேலைக்காரன்னு நெனச்சிட்டிருக்காங்க."

"நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க. செருப்பு கெடச்சுச்சில்ல."

எனக்கு மதுரையில் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. வழிகாட்டி சொன்னது சரிதான் என்று முடிவு செய்தேன்.

அதற்கு அடுத்த நாள் கண்டிக்குப் பக்கத்துச் சிற்றூர் கெலிஓயா. நிரோஷனுக்குக் கிளினிக் இருந்ததால் இரத்தம் எடுக்க ஒரு தாதி மட்டும் என்னோடு வந்தார். அவருக்குச் சிங்களம்தான் தெரியும். எனக்குத் தெரியாது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டோம்.

மங்கையர்க்கரசி, எங்களுக்கு மங்கையக்கா, யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஒரு அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர்; சிங்களத்தில் வருவதைத் தமிழாக்குவதும் தமிழில் வருவதைச் சிங்களமாக்குவதும் வேலை. கணவருக்கு வவுனியாவில் உத்தியோகம். இவர் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் தனியாக இருக்கிறார். பல வருடமாக இந்த நோய். "வாங்கோ பிள்ளை, கதிரையிலை இருங்கோ" என்று சொல்லிவிட்டு இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார். இந்த முறை முன்னெச்சரிக்கையாக, எவ்வளவு எனக்கு என்று கேட்டுக்கொண்டேன்.

"இப்ப உடம்புக்கு என்ன செய்யுது?"

"முழங்கால் மட்டும் விறைக்குது, பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தொடக்கம்."

"முழங்கால் மட்டும்தானா?"

"ஓம். முழங்கால் மட்டும்தான்."

"மரத்துப் போகுதா?"

யோசித்தார். "அப்பிடியெண்டு சொல்லேலாது. நடந்து திரியிறன்தானே."

காய்ச்சல், சளி, பல்வலி எதுவும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. முழங்கால் விறைத்துக்கொள்வது மாடிப்படி ஏறுகிற யாருக்கும் வருவது. எங்கள் அம்மாவுக்கும் மழைக்காலத்தில் அப்படித்தான், தைலம் போடுவார்கள் என்றேன். "தைலம் பூசினா இதுக்குச் சரிவருமோ?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஓரளவு வரும் என்று தைரியம் சொன்னேன். தைலத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டார். தாதி இரத்தம் எடுத்தார். அவருடைய வீடு அங்கேயே பக்கத்தில் என்பதால் சைகையில் விடைபெற்றுப் போனார்.

கீழே வந்தால் ரிஸ்வான் நானா ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. "தங்கச்சி பஸ்ஸுல பெய்த்திருங்க. இது இப்ப சரி வராது" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

எடுத்த இரத்தத்தைக் குளிரிலேயே வைத்திருந்து சீக்கிரமாகச் சுழற்றிப் பிரித்து உறைய வைக்க வேண்டும். வெப்பம் பட்டால் குழாய்க்குள்ளேயே அணுக்கள் கலவரமாகி சைட்டோகைனை விட ஆரம்பித்துவிடும். அப்புறம் அளப்பது ஆளையல்ல, குழாயை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். நடத்துனருக்குத் தெரியாது. பேருந்தில் காற்றுப் புகவும் இடமில்லை. நடத்துனர் சிங்களத்தில், சைகையை வைத்து எனக்குப் புரிந்தவரை, "முன்னுக்குப் போங்க, உள்ளுக்கு இடம் இருக்கு" என்று, இல்லாத இடத்தைச் சுட்டிக்காட்டினார். நான் மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து இரக்கப்பட்டு, பெட்டியை வாங்கி தலைகளுக்கு மேலாகக் கைமாற்றி முன்னால் அனுப்பிவிட்டார். அது ஓட்டுநருக்குப் பக்கத்தில், மூட்டைகள் வைக்கிற மேடையில் பத்திரமாகப் போய் அமர்ந்தது. அது என்ன மேடை என்று ஆய்வகம் இருக்கும் பேராதனையில் இறங்கி எடுக்கும்போது தெரிந்தது. எஞ்சின் மூடி. மீன் பொரிக்கலாம்.

ஆய்வகத்தில் அன்றாடம் சேர்ந்த மாதிரிகளை மறுநாள் சோதித்தோம். சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் இரத்தநீரை விட்டு, வேதிப்பொருள் சேர்த்தால், சைட்டோகைன் அதிகமாக இருக்கும் குழி அதிகமாக மஞ்சளாகும். அந்தோணியம்மாவின் குழி வெளிறிய மஞ்சள். மங்கையக்காவின் குழி மாம்பழம்.

"இவவுக்கு என்ன நடக்குது?" என்றார் நிரோஷன்.

"ஒண்ணுமில்ல டாக்டர். முழங்காலில் இறுக்கம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆய்வகத்தில் நாங்கள் நோயை ஆங்கிலத்தில்தான் பேசுவோம். பிறகு பேருந்துக் கதையைச் சொன்னேன்.

"எஞ்சினுக்கு மேலையோ?"

"ஆமா."

"அப்ப அழற்சி பஸ்ஸுக்குத்தான்." மங்கையக்காவின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். இன்னொரு நாள் போய்த் திரும்ப இரத்தம் எடுப்போம் என்று முடிவானது.

சனிக்கிழமை அடுத்த பயணத்துக்காகப் பெட்டியைத் தயார் செய்துகொண்டிருந்தோம். நிரோஷன் கையுறை போடாமல் உறைபெட்டிக்குள்ளிருந்து பனிப்பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். முடித்துவிட்டுக் கையை உதறினார்.

"கை விறைச்சுப் போச்சு."

"வெந்நீர்ல வைங்க டாக்டர். மடக்க முடியுதா?"

"ஏன் மடக்கேலாது?" விரல்களை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிக் காட்டினார்.

"விறைச்சுப் போச்சுன்னீங்க?"

"ஓம், விறைச்சுத்தான் கிடக்கு. கிள்ளினாலும் தெரியாது." கிள்ளியும் காட்டினார்.

எங்கள் ஊரில் விறைப்பு என்றால் கட்டைபோல மடங்காமல் நிற்பது. கஞ்சி போட்ட சட்டை விறைப்பாக இருக்கும், போலீஸ்காரர் விறைப்பாக நிற்பார். இவருடைய கை தாராளமாக மடங்கியது, உணர்வுதான் இல்லை. நாங்கள் மரத்துப் போச்சு என்று சொல்வதை இவர்கள் விறைச்சுப் போச்சு என்கிறார்கள். என் குறிப்பேட்டை எடுத்து மங்கையக்காவின் பக்கத்தைத் திறந்தேன்.

"டாக்டர், மங்கையக்கா விறைக்குதுன்னுதான் சொன்னாங்க. நான் இறுக்கம்னு எடுத்துக்கிட்டேன்."

"அவ சொன்ன மாதிரியே சொல்லுங்கோ. ஒரு சொல்லும் மாத்தாமல்."

"முழங்கால் மட்டும் விறைக்குது."

கையிலிருந்த பனிப்பொதியை மேசையில் வைத்தார். "எங்களுக்கு 'மட்டும்' எண்டா வரைக்கும்" என்றார்.

ஆறு சொல்லில்லை, ஐந்து சொல்லில்லை, மூன்று சொல். முழங்காலைத் தவிர மற்ற இரண்டையும் நான் தலைகீழாக எடுத்திருக்கிறேன். அவர் சொன்னது, பாதத்திலிருந்து முழங்கால் வரை உணர்வில்லை. நான் கேட்டது, முழங்கால் ஒன்றுதான் மடங்கவில்லை. அவர் சொன்னது புதிய தாக்குதல். நான் கேட்டது எங்கள் அம்மாவின் முழங்கால்.

நிரோஷன் உடனே தொலைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, இப்ப எதுமட்டும் விறைக்குது?"

"இடுப்பு மட்டும் வந்திட்டுது, டொக்டர். அந்தப் பிள்ளை சொன்ன தைலத்தை நாலு நாளா ரெண்டு நேரமும் பூசிறன். பூசிறதும் தெரியேல்லை."

நிரோஷன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சலம் போறதிலை ஏதும் கரைச்சலோ?"

"இண்டைக்குக் காலமை தொடக்கம் கொஞ்சம் கஷ்டமாக் கிடக்கு."

அழைப்பு முடிந்ததும் சாவியை எடுத்தார். நோய் தண்டுவடத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது, சிறுநீர்ப்பையையும் தொட்டுவிட்டது, தள்ளிப்போட்டால் நடையும் திரும்பாமல் போகலாம் என்று படியிறங்கும்போதே சொன்னார். ரிஸ்வான் நானா புதுக் கேபிளோடு காத்திருந்தார். மழை பெய்தது. பேராதனைச் சந்தியில் வண்டிகள் நின்றுகிடந்தன. நானா எதுவும் கேட்காமல் ஒரு சந்துக்குள் திருப்பி, யாரோ ஒருவரின் வீட்டு முற்றத்தின் வழியாகப் போனார். அந்த வீட்டுக்காரர் துணியை எடுத்துக்கொண்டே கையசைத்தார்.

மங்கையக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறையெல்லாம் எங்கள் வீட்டுத் தைல வாசம். நிரோஷன் அவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுக்கொண்டே போனார். பாதம், கணுக்கால், முழங்கால், தொடை. "தொடுறன், தெரியுதோ?" "தொட்டிட்டீங்களோ?" தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே வந்தபோதுதான் "ஓம்" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகச் சொல்ல முயன்றும் நீண்டுவிட்டது. மங்கையக்கா முழுவதும் கேட்டார்.

"பிள்ளை, இருபது வருஷமா இதுதான் என்ர தொழில். சிங்களத்திலை இருந்து தமிழுக்கு மாத்தேக்க ஒவ்வொரு சொல்லையும் ரெண்டுதரம் பாப்பன். தமிழிலை இருந்து தமிழுக்கு மாத்தேக்கப் பாக்கோணும் எண்டு எனக்கும் தெரியேல்லை. நானும் அந்தத் தைலத்தைக் கேள்வி கேக்காமல் பூசினனான்தானே."

"நான் மரத்துப் போகுதான்னு கேட்டேனே அக்கா."

"மரத்துப் போறது எண்டா எனக்குப் புத்தகத்திலை வாற சொல். மனம் மரத்துப் போச்சு எண்டு எழுதுவினம். கால் விறைக்கத்தான் செய்யும்." நிரோஷனிடம் திரும்பினார். "நான் திரும்ப நடப்பனோ, டொக்டர்?"

"இண்டைக்கே மருந்து ஏத்தினா நடப்பீங்கள் எண்டுதான் நினைக்கிறன். வாங்கோ, போவம்."

கதிரையில் வைத்துத் தூக்கலாம் என்றார் ரிஸ்வான் நானா. மங்கையக்கா மறுத்துவிட்டார். ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துப் பாதத்தை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். துணிக்கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். "கல்யாணத்துக்குப் போறன்" என்று அவர்களிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் முதலில் சிறுநீரைச் சோதித்தார்கள். கிருமித் தொற்று இருந்தாலும் பழைய நோய் தலைதூக்கியதுபோலத் தோன்றும். தொற்று இல்லை. அடுத்தது ஸ்டீராய்டு. அது ஏறினால் அணுக்கள் அடங்கும், சைட்டோகைனும் இறங்கிவிடும். அதற்கு முன்னால் ஒரு குழாய் இரத்தம் கிடைத்தால் நல்லது. பெட்டியைக் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். மருந்து ஏற்றுவதற்காகத் தாதி ஊசியை எடுத்தபோது மங்கையக்காவே பெட்டியைக் காட்டினார். "எடுங்கோ. எப்பிடியும் குத்தத்தான் போயினம். ஆனா பஸ்ஸிலை கொண்டுபோகாதேங்கோ."

ஆட்டோவில்தான் கொண்டுபோனேன். குளிராகவே போய்ச் சேர்ந்தது. தட்டில் மறுபடியும் மாம்பழம்.

கூவிக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. நிரோஷன் உட்காரச் சொன்னார். ஒரு ஆள், ஒரு குழாய், இது முடிவல்ல. முதல் குழாயைக் கணக்கில் சேர்க்கவும் முடியாது. அது அவருடைய நரம்பைச் சொன்னதா, எஞ்சினைச் சொன்னதா என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே நிறம். உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய குழாயைக் குப்பையில் போட்டேன். விஞ்ஞானத்தில் இதற்கு நடைமுறை என்று பெயர்.

நான்காம் நாள் மருந்து ஏற்றி முடித்த பிறகு போய்ப் பார்த்தேன். பஞ்சு இப்போது தொடையில் தெரிந்தது. சிறுநீர் தடையில்லாமல் போகிறது. நடைக்கு ஊன்றுகோல் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பருப்பைப் பற்றி அவருக்குக் கடுமையான கருத்துகள் இருந்தன. அக்குறணையிலிருந்து ரிஸ்வான் நானாவின் மனைவி வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைப் பற்றி அவருக்குக் கருத்து எதுவும் இல்லை, சாப்பிட்டு முடித்துவிட்டார்.

என் கேள்விகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். முக்கால்வாசியை அடித்தார். "நோவுக்குப் பேர் வைச்சுக் கேளாதேங்கோ. என்ன செய்யேலாமல் கிடக்கு எண்டு கேளுங்கோ. செருப்பு கழண்டா தெரியுதோ? பொத்தான் போடேலுமோ? தொட்டுக் காட்டச் சொல்லுங்கோ, எங்கை துடங்கி எங்கை முடியுது எண்டு." மற்ற யாழ்ப்பாணத்து நோயாளிகளையும் நான் அதே காதால்தான் கேட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரையும் இந்த வாரமே தானே தொலைபேசியில் அழைத்துக் கேட்பதாகச் சொன்னார். "நீங்க பக்கத்திலை இருங்கோ. கதைக்க வேண்டாம்."

பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை, இப்ப என்ர ரத்தத்திலை கூடிப்போச்சு எண்டு சொல்லுறீங்கள். நான் சுகமா இருக்கேக்க எவ்வளவு இருந்தது?"

தெரியாது. யாரும் எடுக்கவில்லை. சுகமாக இருப்பவர் வீட்டுக்குப் பெட்டியோடு யாரும் போவதில்லை. எல்லோரும் தாக்குதல் வந்த பிறகு வந்து, ஏறிவிட்டது என்று எழுதிக்கொண்டு போகிறோம். எதிலிருந்து ஏறியது என்று எழுத எங்களிடம் எண் இல்லை.

நிரோஷனிடம் சொன்னேன். நோயாளிகள் சம்மதித்தால் மாதம் ஒருமுறை, உடம்பு எப்படி இருந்தாலும், ஒவ்வொருவரிடமும் எடுத்துப் பார்க்கலாம் என்றார். தேவையான அனுமதிக்கு எழுதியிருக்கிறார். என் வழிகாட்டியும் இன்னும் சில மாதம் இருந்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார். ஹந்தானையில் அந்தோணியம்மாவிடம் கேட்டபோது, "ஒண்ணுமே செய்யாதப்ப எதுக்குங்க ரத்தம்?" என்றார். அவருடைய கணவர், "குடு, சும்மா தானே இருக்கு" என்றார். அந்தோணியம்மா சம்மதித்தார்.

மங்கையக்கா வீடு திரும்பி, கால் முழுதாகத் திரும்பி வந்ததும் முதலில் அவரிடம் போகிறேன். அந்த நாள் எப்போது என்று எனக்குத் தெரியாது. வரும் என்று நிரோஷன் சொல்கிறார். அன்றைக்கு மாடியேறி, உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்பேன். ஒன்றுமில்லை என்று அவர் சொல்ல வேண்டும். அந்த ஒன்றுமில்லை எவ்வளவு என்று அளந்து பார்க்கப் போகிறோம்.